டியூ டேட் தாண்டியும் வலி வரவில்லை: எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஒரு கர்ப்பிணி கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கர்ப்பம், இன்றைக்கு 40 வாரம் 4 நாள். பிரஷர், சர்க்கரை எதுவும் இல்லை, கடைசி ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது, குழந்தை நன்றாக அசைகிறது, ஆனால் வலிக்கான அறிகுறியே காணோம். 41 வாரம் ஆனதும் அட்மிட் ஆகுங்கள், வலி வரவழைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கேட்டவருக்கோ தானாக வலி வந்து பிரசவிக்க வேண்டும் என்று ஆசை. 42 வாரம் வரை காத்திருக்கலாம் என்று எங்கோ படித்தும் இருக்கிறார். காத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்தா, வலி வரவழைத்தால் கடைசியில் சிசேரியனில்தான் போய் முடியுமா, இதுதான் கேள்வி.

பிரசவ வார்டில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்கிறேன். உங்கள் நிலைமையில் இன்னும் மூன்று நாள், அதாவது 41 வாரம் ஆகும் வரை, குழந்தையின் அசைவைக் கவனித்துக்கொண்டு காத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை. 41 ஆனபிறகு என்ன செய்வது என்பதை இப்போதே டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். 42ஐத் தாண்டிக் காத்திருக்காதீர்கள். அந்த நடுவில் இருக்கும் ஒரு வாரத்தில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. அதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் காரணத்தோடு கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும், உங்கள் டியூ டேட் சரியான டியூ டேட்தானா? இதைக் கேட்காமலேயே பாதிப் பேர் பயப்படுகிறார்கள். நாள் தள்ளிப்போய்விட்டது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் நாள் தள்ளியே போயிருக்காது, கணக்குதான் தள்ளிப்போயிருக்கும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பதுதான் எல்லோரும் போடும் கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்ஸ் நேகலே என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் பரப்பிய விதி அது. ஒன்பது மாதத்தைக் கூட்டி ஏழு நாள் சேர்த்தால் தேதி வந்துவிடும், ஜனவரி 1 கடைசி மாதவிடாய் என்றால் அக்டோபர் 8. ஆனால் உங்களுக்கு மாதவிடாய் சரியாக 28 நாளுக்கு ஒருமுறை வரும், 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று அந்த விதி தானாகவே எடுத்துக்கொள்கிறது. 35 நாள் சுழற்சி இருக்கும் பெண்ணுக்கு முட்டை ஏறக்குறைய 21ஆம் நாள்தான் வெளிவரும். ஆக மாதவிடாய்க் கணக்குப்படி அவருக்கு 41 வாரம் என்றால் குழந்தைக்கு உண்மையில் 40தான் ஆகியிருக்கும்.

இதைத் திருத்தத்தான் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன். அந்தச் சமயத்தில் எல்லாக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கின்றன, அதனால் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தை அளந்தால் நாள் கணக்கு ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் சரியாக வந்துவிடும். 9 வாரத்துக்கு முந்தைய ஸ்கேனில் ஐந்து நாளுக்கு மேலும், 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் ஏழு நாளுக்கு மேலும் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐவிஎஃப் என்றால் கரு வைத்த தேதியே தெரியும், குழப்பமே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் ஒரு தேதி போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்காதவர்களே கிடையாது. முதல் ஸ்கேனில் முடிவான தேதிதான் கடைசி வரைக்கும். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் எடுக்கும் ஸ்கேனில் இயந்திரம் குழந்தையின் அளவைப் பார்த்துவிட்டு சராசரியாக இத்தனை வாரக் குழந்தை இந்த அளவில் இருக்கும் என்று ஒரு தேதியை அச்சடிக்கிறது. அது மூன்று வாரம் வரை முன்னே பின்னே இருக்கலாம். பெரிய குழந்தை என்றால் தேதி முன்னால் வரும், சின்னக் குழந்தை என்றால் பின்னால் போகும். இதை வைத்துக்கொண்டு 'கடைசி ஸ்கேன்படி எனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது' என்று மனதைத் தேற்றிக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் வளர்ச்சி குறைந்த குழந்தைக்கும் இயந்திரம் அப்படித்தான் தேதியைத் தள்ளிக் காட்டும். ஆகவே ஃபைலை எடுத்து முதல் ஸ்கேனைப் பாருங்கள். அதன்படியும் 40 வாரம் 4 நாள் என்றால் மேலே படியுங்கள்.

சரி, தேதி சரிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தத் தேதி ஒரு நடுப்புள்ளி மாதிரி, அவ்வளவுதான். சரியாக டியூ டேட் அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று இருந்தால் அதிகம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2013இல் வகுத்த பிரிவுப்படி 39 வாரம் தொடங்கி 40 வாரம் 6 நாள் வரை நிறைமாதம், 41 முதல் 41 வாரம் 6 நாள் வரை பிந்திய நிறைமாதம், 42 வாரமும் அதற்கு மேலும்தான் உண்மையில் நாள் கடந்த கர்ப்பம். நீங்கள் இன்னும் நிறைமாதத்துக்குள்தான் இருக்கிறீர்கள். முதல் குழந்தை சில நாள் தாமதமாக வருவது சகஜம். உங்கள் அம்மாவுக்கு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் உங்களுக்கும் தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கும், முந்தைய கர்ப்பம் தள்ளிப்போனவர்களுக்கும் அப்படியே. ஆண் குழந்தை என்றால் கொஞ்சம் தாமதமாகும் என்பதும் ஆய்வுகளில் பார்த்ததுதான், ஆனால் அதை வைத்து யாரும் ஜோசியம் சொல்ல ஆரம்பிக்க வேண்டாம்.

வலி வரவில்லை என்றால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பிரசவம் ஒரே நாளில் தொடங்குகிற சமாச்சாரம் அல்ல. குழந்தையின் அட்ரீனல் சுரப்பியும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுகின்றன, இத்தனை மாதம் கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருந்த புரோஜெஸ்டிரோனின் பிடி தளர்கிறது, ஆக்சிடோசினை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் கர்ப்பப்பைத் தசையில் பெருகுகின்றன, புரோஸ்டாகிளாண்டின்கள் கர்ப்பப்பை வாயை மெத்தென்று ஆக்குகின்றன. இதெல்லாம் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். விட்டுவிட்டு வயிறு கல் மாதிரி இறுகித் தளர்வது, இடுப்பில் பாரம், அடிக்கடி சிறுநீர், இதெல்லாம் அந்த வேலையின் ஒரு பகுதி. சூட்டு வலி என்று தள்ளிவிட்டாலும் அது வீண் போவதில்லை.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி உள் பரிசோதனை. கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மெதுவாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, முன்பக்கம் வந்துவிட்டதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1964இல் எட்வர்ட் பிஷப் என்பவர் வகுத்தது, அதனால் பிஷப் ஸ்கோர். அதிகபட்சம் 13. எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் உடல் தயாராகிவிட்டது, ஆறு அல்லது அதற்குக் கீழ் என்றால் இன்னும் பழுக்க வேண்டும். டாக்டர் 'வாய் திறக்கவே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் மறுபடி கேளுங்கள், ஸ்கோர் எத்தனை என்று. பின்னால் வரும் முடிவுகள் பாதி அந்த எண்ணை வைத்துத்தான். இன்று மூன்று என்றாலும் மனதை விடவேண்டாம், இரண்டே நாளில் அது மாறுவது உண்டு.

இனி ஆபத்து. இதை மூடி மறைத்தும் பேசக்கூடாது, பூதாகரமாக்கவும் கூடாது. ஒன்றரைக் கோடி கர்ப்பங்களின் தரவைத் தொகுத்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, கர்ப்பத்தைத் தொடர்ந்தால் வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறக்கும் வாய்ப்பு 37 வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11ஆக இருந்து, 42 வாரத்தில் ஆயிரத்துக்கு 3.18ஆக உயர்கிறது என்று கண்டது. 40 வாரத்தோடு ஒப்பிட்டால் 41 வரை தொடரும்போது வாய்ப்பு 64 சதவீதம் கூடுகிறது. 64 சதவீதம் என்று கேட்டதும் வயிற்றைக் கலக்கும், ஆனால் மிகச் சின்ன எண்ணின் 64 சதவீதம் மிகச் சின்ன எண்தான். 42 வாரத்தில்கூட ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் இந்தத் துயரம் நேர்வதில்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆபத்து குறைவுதான், ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏறுகிறது, அந்த ஏற்றம் 41க்குப் பிறகு செங்குத்தாகிறது.

ஏன் ஏறுகிறது? நஞ்சுக்கொடி 40 வாரம் ஆனதும் காலாவதியாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படி எதுவும் கிடையாது. ஆனால் குழந்தையின் தேவை வளர்ந்துகொண்டே போக, சிலருக்கு நஞ்சுக்கொடியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அப்போது குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை மிச்சம் பிடிக்கும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும், குழந்தை கழிக்கும் சிறுநீர்தான் பெரும்பாலும் பனிக்குட நீர் என்பதால் நீர் குறைய ஆரம்பிக்கும். நீர் குறைந்தால் வலி வரும் நேரத்தில் தொப்புள்கொடி நசுங்கும். நாள் கூடக்கூட குழந்தை உள்ளேயே மலம் கழிப்பதும் அதிகமாகிறது, அது நீரோடு கலந்து நுரையீரலுக்குள் போனால் மூச்சுத் திணறல். இன்னொரு பக்கம், நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்தால் குழந்தை வளர்ந்துகொண்டே போய், பிறக்கும்போது தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ரொம்பவும் நாள் கடந்து பிறக்கும் சில குழந்தைகளைப் பார்த்தால் தோல் உலர்ந்து உரியும், நகம் நீண்டிருக்கும், உடம்பில் கொழுப்பே இல்லாமல் ஒல்லியாக, கண்ணை அகலத் திறந்து பார்க்கும்.

இந்த இடத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் இரண்டு மூன்று வரிகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லவேண்டும். நஞ்சுக்கொடி 'கிரேடு 3' என்று எழுதியிருந்தால் அது நிறைமாதத்தில் எதிர்பார்க்கக்கூடியதுதான். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும், அதில் பெரும்பாலானவை சாதாரணமாகவே பிறக்கின்றன. எடை என்று போட்டிருப்பது 10 முதல் 15 சதவீதம் வரை பிசகக்கூடிய மதிப்பீடு, 3.8 கிலோ என்றால் உண்மையில் 3.4ஆகவும் இருக்கலாம், 4.2ஆகவும் இருக்கலாம். தலை இன்னும் ஃபிக்ஸ் ஆகவில்லை என்பது மட்டும் சுகப்பிரசவம் ஆகாது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: வலி வரவழைத்தால் சிசேரியனில் முடியும் என்ற பயம். இது எங்கிருந்து வந்தது என்றால், வலி வரவழைத்தவர்களைத் தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டதிலிருந்து. பார்த்தால் நியாயமான ஒப்பீடு மாதிரிதான் தெரியும். ஆனால் இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு வழிகள் 'வரவழைப்பது', 'தானாக வருவது' என்பவை இல்லையே. தானாக வருவதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். காத்திருப்பவர்களில் சிலருக்கு நாளைக்கே வலி வரும், சிலருக்கு வராமலே 42 ஆகி அப்போது வரவழைக்க வேண்டிவரும், சிலருக்கு இடையில் பிரஷர் ஏறும், சிலருக்கு நீர் குறையும், சிலருக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு சரியில்லாமல் அவசர சிசேரியன் ஆகும். இவர்கள் எல்லோரையும் ஒரு பக்கம் வைத்து, வரவழைத்தவர்களை இன்னொரு பக்கம் வைத்து, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் கதை தலைகீழாக மாறுகிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இப்படிப்பட்ட 34 ஆய்வுகளை, 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. நிறைமாதத்திலோ அதற்குப் பிறகோ வலி வரவழைத்தவர்களில் குழந்தை இறப்பு குறைவு, சிசேரியனும் கொஞ்சம் குறைவுதான், கூடுதல் இல்லை. ஒரு குழந்தையின் இறப்பைத் தடுக்க 544 பேருக்கு வலி வரவழைக்க வேண்டியிருக்கும் என்பது அதில் வந்த கணக்கு. இந்த எண்ணை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். 543 பேருக்கு அவசியமில்லாமல் செய்தார்கள் என்று படிப்பவர்களும் உண்டு, அந்த ஒருவர் நானாக இருந்தால் என்று படிப்பவர்களும் உண்டு. யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே மாதிரி ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது, 41 வாரத்தில் வரவழைப்பதா, 42 வரை காத்திருப்பதா என்று பார்க்க. பத்தாயிரம் பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 2,760 பேர் சேர்ந்த நிலையிலேயே நிறுத்திவிட்டார்கள், காரணம் காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றப் பிரிவில் ஒன்றுகூட இல்லை. சிசேரியன் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2019இல் இது வெளிவந்தபிறகு பல இடங்களில் டாக்டர்கள் 41ஐத் தாண்ட விடத் தயங்குகிறார்கள். உங்கள் டாக்டர் 41 என்று சொன்னதன் பின்னால் இதுதான் இருக்கும். அவருடைய அவசரத்துக்காகவோ வசதிக்காகவோ சொல்கிறார் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்தது உறுதியாகத் தெரிந்தால் வலி வரவழைக்கப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 41க்கும் 42க்கும் இடையில் யோசிக்கலாம், 42 ஆனால் செய்துவிட வேண்டும் என்கிறது. ஆக நீங்கள் படித்த 42 பொய் இல்லை, ஆனால் அது கடைசி எல்லை, அதைப் போய்த் தொட வேண்டும் என்று இலக்கு வைக்க வேண்டியதில்லை. என் சாய்வைக் கேட்டால்: முதல் ஸ்கேனில் உறுதியான தேதி, முதல் குழந்தை என்றால் 41 வாரம் 0 நாளிலிருந்து 41 வாரம் 3 நாளுக்குள் முடித்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

அதுவரை காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. முதல் வேலை அசைவு. கடைசி நாட்களில் இடம் இல்லாததால் குழந்தை அசைவது குறையும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதை அடியோடு மறந்துவிடுங்கள். அசைவின் விதம் மாறலாம், உதைப்பதைவிடப் புரள்வது அதிகமாகலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. உங்கள் குழந்தை வழக்கமாக எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் இடதுபக்கம் சாய்ந்து படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்பது பல இடங்களில் சொல்லும் கணக்கு. பத்து வந்தாலும்கூட வழக்கத்தைவிட மந்தமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் அந்தத் தோன்றலை நம்புங்கள். நேற்று என்எஸ்டி (குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு) எடுத்தோம், நன்றாகத்தானே இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. நேற்றைய ரிப்போர்ட் நேற்றைக்குத்தான்.

என்எஸ்டி என்பது வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வது. குறைந்தது இருபது நிமிடம். அதற்குள் இரண்டு முறையாவது துடிப்பு 15 எண்ணிக்கை உயர்ந்து 15 விநாடி நிற்க வேண்டும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் வராது, நாற்பது நிமிடம் வரை நீட்டிப்பார்கள், பெல்ட்டைக் கழற்றவில்லையே என்று கலங்க வேண்டாம். கூடவே ஸ்கேனில் நீரின் அளவு. நான்கு பக்கமும் கூட்டிய அளவு 5 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ், அல்லது நீர் தேங்கிய இடங்களில் மிக ஆழமான ஒன்றின் அளவு 2 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் குறைவு. நாள் கடந்தவர்களுக்கு இந்த இரண்டையும் பொதுவாக வாரத்துக்கு இருமுறை பார்ப்பார்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் அளவு சற்று ஏறும் என்பது உண்மைதான், ஆனால் 41 வாரத்தில் நீர் குறைந்துவிட்டது என்றால் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போகிற நேரம் அல்ல அது.

வலியைத் தூண்ட வீட்டில் என்ன செய்யலாம் என்று கட்டாயம் கேட்பீர்கள். நடப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, வலியைக் கொண்டுவரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி இறங்க வேண்டியதில்லை. தாம்பத்திய உறவால் வலி வரும் என்பதும் ஆய்வுகளில் நிற்கவில்லை, பனிக்குடம் உடையாமல், நஞ்சுக்கொடி கீழே இல்லாமல் இருந்தால் விருப்பப்பட்டால் தடையும் இல்லை. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் நிச்சயம், பிரசவத்துக்கு முன்னால் உடம்பில் நீர் வற்றிப்போவது நமக்குத் தேவையா? மார்புக்காம்பைத் தூண்டுவது ஆக்சிடோசினைச் சுரக்கச் செய்யும், கர்ப்பப்பை வாய் ஏற்கெனவே பழுத்திருப்பவர்களுக்கு அது பலன் தருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் கர்ப்பப்பை ஓயாமல் இறுகினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், அதனால் டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள், ஏதாவது சிக்கல் உள்ள கர்ப்பம் என்றால் கூடவே கூடாது.

உண்மையில் பலன் உள்ளது என்றால் ஸ்வீப்பிங். உள் பரிசோதனையின்போதே விரலைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு, பனிக்குடப் பையை ஓரத்திலிருந்து சுற்றிலும் பிரித்துவிடுவார்கள். புரோஸ்டாகிளாண்டின் சுரந்து, தானாக வலி வரும் வாய்ப்பு கூடுகிறது, மருந்து வைத்து வரவழைக்கும் தேவை குறைகிறது. மருந்தே இல்லாமல் செய்வது என்பதால் உங்களை மாதிரி விரும்புகிறவர்களுக்கு மிகப் பொருத்தம். வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் ஒரு நாள் போல ரத்தக்கறை படலாம், ஒழுங்கில்லாமல் வலி வந்து வந்து போகலாம். வாய் கொஞ்சமாவது திறந்திருந்தால்தான் செய்ய முடியும். அடுத்த முறை போகும்போது நீங்களாகவே கேளுங்கள். ஒன்று மட்டும், உங்களிடம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் செய்யக் கூடாது.

இதுவரை சொன்னது உங்களைப் போலச் சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு. இதைப் படிக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. பிரஷர், சர்க்கரை, கல்லீரல் தொந்தரவால் உடம்பெல்லாம் அரிப்பு, குழந்தையின் வளர்ச்சி குறைவு, நீர் குறைவு, இரட்டைக் குழந்தை, 40 வயதுக்கு மேல், இப்படி எது இருந்தாலும் 40 வாரமே தாண்ட விடமாட்டார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு சிசேரியன் ஆனவர்கள் கதையே வேறு. அவர்களுக்குத் தானாக வலி வருவதுதான் நல்லது, மருந்து வைத்து வரவழைத்தால் பழைய தையல் விடும் அபாயம் கூடுகிறது, குறிப்பாக வலி வரவழைக்கும் மிசோபிரஸ்டால் மாத்திரை வைக்கவே கூடாது.

41 வந்து வலி வராமல் அட்மிட் ஆனால் என்ன நடக்கும்? வாய் பழுக்கவில்லை என்றால் முதலில் அதைப் பழுக்க வைப்பார்கள். புரோஸ்டாகிளாண்டின் ஜெல் வைக்கலாம், மிசோபிரஸ்டால் மாத்திரையை மிகச் சிறிய அளவில் கொடுக்கலாம், அல்லது ரப்பர் குழாயின் முனையில் இருக்கும் பலூனை வாய்க்குள் வைத்து நீர் நிரப்பி மெல்லத் திறக்க வைக்கலாம். வாய் இளகியதும் பனிக்குடத்தை உடைத்துவிட்டு ஆக்சிடோசின் டிரிப்ஸ். முதல் குழந்தைக்கு இது முழுக்க ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் எடுக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் காலையில் ஜெல் வைத்து மாலை வரை ஒன்றும் ஆகவில்லை என்றதும் எல்லோரும் ஃபெயில் ஆகிவிட்டது என்று பதறுகிறார்கள். வலி தானாக வருவதைவிடச் சட்டென்று ஏறும், குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள், அதனால் எழுந்து நடமாடுவது குறையும். வலி குறைக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

இங்கே இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைத்து ஆக்சிடோசின் தொடங்கிக் குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது கொடுத்துப் பார்த்த பிறகுதான் வலி வரவழைத்தது தோற்றது என்று சொல்லலாம் என்பது இன்றைய வழிகாட்டல். 6 சென்டிமீட்டர் திறக்கும்வரை மெதுவாகத்தான் போகும், 4 சென்டிமீட்டரில் சில மணி நேரம் நின்றால் அது தேக்கம் ஆகாது. வலி வரவழைத்தும் சுகப்பிரசவம் ஆவது எவ்வளவு தூரம் இந்தப் பொறுமையில் இருக்கிறது என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்று இன்றைக்கே கேட்கலாம், அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

41ல் வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்கிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் உங்கள் உரிமைதான். டாக்டரிடம் சொல்லாமல் அட்மிஷன் நாளன்று போகாமல் இருந்துவிடாதீர்கள், அதுதான் மோசமான வழி. எந்தெந்த நாள் என்எஸ்டி, எந்த நாள் நீர் பார்ப்பது, எது மாறினால் உடனே அட்மிட், எந்தத் தேதிக்கு மேல் கண்டிப்பாகக் காத்திருக்க மாட்டோம் என்று நான்கையும் பேசி ஃபைலில் எழுத வையுங்கள். 'இன்னுமா ஆகலை' என்று தினமும் போன் செய்கிறவர்களிடம் ஆனதும் நாங்களே சொல்கிறோம் என்று வீட்டில் வேறு ஒருவர் பேசட்டும், அந்தப் போனை நீங்கள் எடுக்க வேண்டாம். பகலில் கிடைக்கும் நேரத்தில் தூங்குங்கள், வலி பெரும்பாலும் ராத்திரியில்தான் ஆரம்பிக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் அது நிஜ வலி, கிளம்பலாம். சளி மாதிரி ரத்தக்கறையோடு வந்தால் வலி நெருங்குகிறது, அவசரம் இல்லை. ஆனால் பனிக்குடம் உடைந்து நீர் வந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும், அந்த நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் போல ரத்தம் போவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் எத்தனை வாரம், ஸ்கேன் எப்போது என்று எந்தக் கணக்கும் பார்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.